எல்லைப்புறத்தில் இருந்து ஒரு எழுத்துருத் தொழில்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு, எவரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல், தமிழிலும் மலையாளத்திலும் பக்கம் வடிவமைப்பது, எழுத்துருக்களை (ஃபான்ட்) செப்பனிடுவது, அச்சகங்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் வேண்டிய சிறு மென்பொருள் கருவிகளை எழுதித் தருவது ஆகியவற்றைத் தொழிலாகச் செய்து வருகிறேன். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய காலத்தில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பது இன்றைக்கு இருப்பதைப் போல இயல்பான செய்தியாக இருக்கவில்லை. வேலை போய்விட்டது என்பதை நாகரிகமாகச் சொல்லும் முறையாகவே ஊரார் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இதே வழியில் வர நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும், எந்தத் தளத்தில் வேலை கிடைக்கும் என்பவற்றைத்தான். என் அனுபவத்தில் அவை பிறகு வர வேண்டிய கேள்விகள். நாம் இல்லாவிட்டால் இன்னொரு ஆளைத் தேடிப் பிடிப்பது கடினம் என்னும்படியான வேலை எது என்பதைக் கண்டுகொள்வதும், அந்த வேலையின் நிபந்தனைகளைத் தொடங்கும் முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதும்தான் என்னைத் தனியாக நிற்க வைத்தன. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தவர்கள் சிலர் மீண்டும் சம்பள வேலைக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் வீட்டு மொழி பெரும்பாலும் தமிழ். அலுவலக மொழி மலையாளம். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்களாகவே வெளியே வருவார்கள். கேரள அரசு தமிழ் வழி மாணவர்களுக்குத் தனியே பாடநூல் அச்சிடுகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மையினரான தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதிக் கேட்க இடம் தருகிறது. இவற்றின் விளைவாக, பால் கூட்டுறவுச் சங்கத்தின் அறிக்கையானாலும், தென்னை உழவர் நிறுவனத்தின் பங்குப் பத்திரமானாலும், கோயில் திருவிழா நோட்டீஸானாலும், இரண்டு மொழியும் ஒரே தாளில் அருகருகே நிற்க வேண்டிய தேவை இங்கே அன்றாடம் எழுகிறது. கொச்சியிலும் கோவையிலும் நல்ல வடிவமைப்பாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மொழியையும் பிழை பார்க்கத் தெரிந்து, இரண்டின் எழுத்தமைப்பும் கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் குறைவு. நான் நுழைந்தது அந்த இடைவெளியில்.

முதலில் கை கொடுத்தது பழைய கோப்புகளை மாற்றித் தரும் வேலை. பொள்ளாச்சிப் பகுதிப் பதிப்பாளர் ஒருவரிடம், 1990களிலும் அதற்குப் பின்பும் டிடிபி (கணினியில் பக்கம் அமைத்தல்) செய்த நூல்களின் கோப்புகள் பெட்டி பெட்டியாகக் குறுந்தகடுகளில் இருந்தன. மறுபதிப்புப் போடவும் மின்னூலாக்கவும் அவர் விரும்பினார். அந்தக் காலத்து எழுத்துருக்களில் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று தெரியவே தெரியாது. ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்திருப்பார்கள். எழுத்துருவை எடுத்துவிட்டால் எஞ்சுவது பொருளற்ற ரோமன் குவியல். அதை, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் வைத்திருக்கும் பொதுக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோட்) கொண்டுவர, எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று தோன்றும், போதாது. 'கொ' என்பதைப் பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக அடித்திருப்பார்கள். ஒருங்குறியிலோ ககரம் முதலில் வர வேண்டும். ஒகரக் குறி அதன்பின் வர வேண்டும். ஆகவே கருவி ஒவ்வொரு கொம்பையும் கண்டு, அது எந்த மெய்க்கு உரியது என்று பார்த்து, இடம் மாற்றி, பின்னால் வரும் காலோடு சேர்க்க வேண்டும். ஔகாரம் வந்தால் இன்னும் சிக்கல்: அங்கே வருவது குறியா, தனி ளகரமா என்பதைச் சொல்லை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இவற்றைவிட என்னை அதிகம் உழைக்க வைத்தது ரகர ஒற்று. பழைய தட்டச்சில் துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், தட்டச்சர்கள் காலைப் போட்டு மேலே புள்ளி வைத்து 'ர்' என்று முடித்துவிடுவார்கள். அப்படியே ஒருங்குறிக்கு மாற்றினால் 'அவா்கள்' என்று வரும். 'அவர்கள்' என்பதற்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். நூல் முழுவதிலும் 'அவர்கள்' என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. மலையாளத்தில் இதற்கு இணையான தொல்லை, உயிர் சேராத சில மெய்களுக்கு உள்ள தனி வடிவங்களான சில்லெழுத்துகளில் உண்டு. 2008இல் வெளிவந்த ஒருங்குறி 5.1 பதிப்பில் சில்லெழுத்துகளுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு மெய், சந்திரக்கலை (நம் புள்ளியைப் போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சேமித்தார்கள். அதனால் ஒரே சொல் பழைய கோப்பில் ஒரு விதமாகவும் புதிய கோப்பில் வேறு விதமாகவும் கிடக்கும். போதாக்குறைக்கு, 1971இல் கேரள அரசு தட்டச்சுக்கும் அச்சுக்கும் எளிமையாக இருக்கட்டும் என்று கூட்டெழுத்துகளைப் பிரித்துச் சீர்திருத்திய லிபியில் சில நூல்களும், அதற்கு முந்தைய லிபியில் சில நூல்களும் என்று கலந்து வரும். 1978இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான தமிழ் நூல்களும் இந்தக் கணக்கில் சேரும்.

இத்தனையையும் பதிப்பாளரிடம் விளக்கிப் பயனில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மாற்றிய கோப்பு ஒன்றைத் திறந்து, 'அவர்கள்' என்று அவரையே தேடச் சொன்னேன், ஒன்றும் வரவில்லை. நான் செப்பனிட்ட கோப்பைத் திறந்து அதே சொல்லைத் தேடச் சொன்னேன். பக்கம் பக்கமாக மஞ்சள் பூத்தது. அதன்பிறகும் அவர் பேரத்தை விடவில்லை.

"ஏனுங் அம்மணி, டைப் அடிக்கிறதுக்குப் பக்கத்துக்கு இத்தனைன்னு குடுத்துப் பழக்கம். வெறுமென மாத்தறதுக்குமா காசு?"

"டைப் அடிச்சது அப்பவே முடிஞ்சு போச்சுங்களே. இப்ப மாத்தறதுதானுங்க வேலை."

பக்கக் கணக்கில் கூலி பேசாமல், நூல் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி முடித்தோம். இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. கருவி ஒருமுறை எழுதப்பட்ட பின், அடுத்த நூலுக்கு எனக்கு ஆகும் நேரம் பாதியாகக் குறைந்தது. நேரத்துக்கோ பக்கத்துக்கோ கூலி வாங்கியிருந்தால், என் கை பழகப் பழக என் வருமானம் குறைந்திருக்கும். கருவியின் நிரல் என்னுடையது, அவருக்குத் தருவது அதன் விளைவான கோப்புகளை மட்டுமே என்பதையும் ஒரே வரியில் எழுதிச் சேர்த்தேன். பிற்பாடு வேறு பதிப்பாளர்களுக்கு அதே கருவியைப் பயன்படுத்த முடிந்தது அந்த வரியால்தான்.

நாளொன்றுக்கு என் விலை என்ன என்பதை அறிந்த பிறகே மொத்த விலை பேசத் துணிய வேண்டும். இதற்கு நான் கையாளும் கணக்கை உருவகமான எண்களோடு சொல்கிறேன். வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3,60,000. கணினித் தேய்மானம், மென்பொருள் சந்தா, இணையம், மின்சாரம், மருத்துவக் காப்பீடு, கணக்கர் கட்டணம் எல்லாம் சேர்த்து 90,000. சேமிப்புக்கும் வரிக்கும் 50,000. ஆக 5,00,000. இதை முந்நூறு நாளால் வகுப்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். வாடிக்கையாளரோடு பேசும் நாள், விலைப்பட்டியல் அனுப்பும் நாள், பணம் கேட்டு அலையும் நாள், புதிதாகக் கற்கும் நாள், காய்ச்சலில் படுத்த நாள் ஆகிய எதற்கும் எவரும் காசு தரமாட்டார்கள். காசு வரும் நாட்கள் ஆண்டில் 125 தேறினால் நல்லது. அப்படியானால் நாளுக்கு 4,000 ரூபாய்க்குக் குறைந்து எந்த வேலையை ஏற்றாலும் அந்த ஆண்டு கையைக் கடிக்கும். கோவைச் சந்தை விலை என்ன, இணையத்தில் வெளிநாட்டார் என்ன வாங்குகிறார்கள் என்பவற்றை இந்தக் கணக்குக்குப் பிறகு பார்த்தால் போதும்.

பதிப்புரிமைச் சட்டம் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வியக்கும் அளவுக்கு அறியாமல் இருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பணியின்போது எழுதியது நிறுவனத்துக்கு உரியது. ஆனால் வெளியில் இருந்து வேலை எடுத்துச் செய்பவர் எழுதிய நிரலுக்கும் எழுத்துக்கும் அவரே முதல் உரிமையாளர். எழுத்து மூலமாகக் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுக்காத வரை உரிமை அவரை விட்டுப் போகாது. அப்படி மாற்றும் பத்திரத்தில் காலம் குறிக்கவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இதில் ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் தனியே கவனிக்க வேண்டிய விதிவிலக்கு ஒன்று இருக்கிறது: ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுப்பித்த புகைப்படம், வரைவித்த ஓவியம் அல்லது உருவப்படம், எடுப்பித்த திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஒரே வேலையில் நிரலும் படமும் செய்து தருகிற என் போன்றவர்களுக்கு, எழுதி வைக்காவிட்டால் பாதி ஒருவரிடமும் பாதி மற்றவரிடமுமாக உரிமை சிதறிப் போகும்.

என் ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம்தான்; வக்கீல் மொழியில் இருக்காது; தமிழ் வாடிக்கையாளருக்குத் தமிழிலும் மலையாள வாடிக்கையாளருக்கு மலையாளத்திலும் இருக்கும். செய்யப் போவது என்ன, செய்யாதது என்ன, பாதித் தொகை முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கட்டணம், திருத்தக்கூடிய மூலக் கோப்பு கடைசித் தவணை வந்த பிறகே, பயன்படுத்தும் உரிமை எவ்வளவு காலத்துக்கு எந்தெந்த வடிவத்துக்கு என்பவை அதில் இருக்கும். செய்யாதது என்ன என்னும் பகுதியைத்தான் நான் அதிக நேரம் எடுத்து எழுதுவேன். மொழிபெயர்ப்பு என் பொறுப்பா, மெய்ப்பு பார்ப்பது யார், அச்சகத்தில் வண்ணம் மாறினால் யார் கணக்கு என்பவை எல்லாம் அங்கே தெளிவாக இருந்தால், பிறகு மனக்கசப்புக்கு இடம் வராது. உறவினருக்குச் செய்யும் வேலைக்கும் இதே தாள்தான். சித்தப்பா மகனின் கடைக்கு வலைத்தளம் செய்தபோது சித்தி முகம் சுளித்தார். அந்தக் கடைக்கு இன்றும் பராமரிப்பு நான்தான் செய்கிறேன், காசும் ஒழுங்காக வருகிறது.

தாள் இருந்தும் பணம் தாமதமாகும். ஒரு நிறுவனம் வேலையை ஏற்றுக்கொண்டு, அச்சிட்டு விற்றும்விட்டு, கடைசித் தவணையை மாதக் கணக்கில் இழுத்தது. நான் உத்யம் பதிவு பெற்றிருந்தேன். சிறு தொழில்களுக்காக அரசு வைத்திருக்கும், இணையத்தில் கட்டணமின்றி ஆதார் எண்ணைக் கொண்டு செய்துவிடக்கூடிய பதிவு அது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தத்தில் எவ்வளவு காலம் எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. இதைக் கோபமில்லாத ஒரு கடிதத்தில், வேலை ஏற்கப்பட்ட மின்னஞ்சலின் நகலோடு, அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு அனுப்பினேன். உரிமையாளருக்கு அனுப்பாமல் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியது வேண்டுமென்றே செய்தது. தாமதித்த பணத்தை, கொடுத்துத் தீர்க்கும் வரை செலவாகக் காட்ட முடியாது என்னும் வருமான வரி விதியின் வலி அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பணம் வந்தது. அந்த நிறுவனத்துக்கு அதன்பின் நான் வேலை செய்யவில்லை.

எல்லையில் இருப்பவர்களுக்கு வரியில் ஒரு தனி அனுபவம் உண்டு. பொள்ளாச்சிக்கு நாங்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய் வருவோம். திருவனந்தபுரத்துக்கு இரவெல்லாம் பயணம். ஆனால் சரக்கு மற்றும் சேவை வரியின் கண்ணில் திருவனந்தபுரம் உள்மாநிலம், பொள்ளாச்சி வெளிமாநிலம். கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33 என்று மாநில எண்ணே வேறு. 2017 ஜூலையில் இந்த வரி வந்தபோது, மாநிலம் விட்டு மாநிலம் சேவை அளிப்பவர் எவ்வளவு சிறிய ஆளானாலும் பதிவு பெற வேண்டும் என்ற விதி இருந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அப்பால் இருக்கும் என் போன்றவர்களுக்கு அது தலைக்கு மேல் கத்தி. அந்த ஆண்டு அக்டோபரில், ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவையாளர்களுக்கு இதிலிருந்து விலக்கு அளித்தார்கள். அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் வெளிமாநில வாடிக்கையாளர் என்பதற்காகவே பதிவு பெறத் தேவையில்லை. இன்றும் இதை அறியாமல் வேலையை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். வரம்பைத் தாண்டினால் எங்கள் வேலைக்கு 18 சதவீதம் வரி வாங்கிக் கட்ட வேண்டும் என்பதால், பேசிய தொகை வரி நீங்கலா, வரி சேர்த்தா என்பதை முதல் நாளே எழுதிவிடுவது நல்லது.

வருமான வரியில் என் போன்ற தொழில்முறையாளர்களுக்கு அனுமான முறை ஒன்று இருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அல்லது ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாதபோது 75 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். கணக்குப் புத்தகம் விரிவாக வைக்க வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பமும் தொழில்நுட்ப ஆலோசனையும் இதில் அடங்கும். எல்லாக் கலைத்தொழிலும் அடங்காது என்பதால் கணக்கரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத தொடக்க ஆண்டுகளிலும் கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். வங்கியில் வீட்டுக் கடனோ வாகனக் கடனோ கேட்கும்போது, சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அந்தத் தாக்கல் நகல்கள்தான் சம்பளச் சீட்டு.

எழுத்துரு வேலையில் உரிமத்தைப் படிக்கும் பழக்கம் சோறு போடும். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல இந்திய எழுத்துருக்களில் பெரும்பாலானவை எஸ்ஐஎல் (SIL) என்னும் அமைப்பு வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வருகின்றன. அவற்றை வணிக நூலிலோ விளம்பரத்திலோ தாராளமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு சேர்த்து விநியோகிக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்கக் கூடாது. திருத்தியதையும் அதே உரிமத்தின்கீழ்தான் வெளியிட வேண்டும்; ஆக்கியவர் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் திருத்திய வடிவத்துக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும். ஒரு கொச்சி நிறுவனத்தின் செயலிக்காக, தமிழும் மலையாளமும் ஒரே தடிமனில் தெரியும்படி இரண்டு எழுத்துருக்களை இணக்கப்படுத்திக் கொடுத்தபோது, இந்த நிபந்தனைகளை முதலிலேயே விளக்கி, 'எங்களுக்கு மட்டுமே உரிய எழுத்துரு' என்னும் அவர்கள் எதிர்பார்ப்பை விலைப்பேச்சுக்கு முன்பே இறக்கி வைத்தேன். இப்படிப் பல மொழிக்கும் ஒரே குடும்பமாகச் செய்த எழுத்துருக்களில் பாலு என்று ஒன்று உண்டு; அதன் தமிழ் வடிவத்துக்குப் பெயர் பாலு தம்பி, மலையாள வடிவத்துக்குப் பெயர் பாலு சேட்டன் (சேட்டன் என்றால் அண்ணன்). எங்கள் ஊரில் ஒரே ஆளை இரண்டு வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்தச் செயலி வேலையில் என்னை அவர்கள் தேடி வந்த காரணமும் சிறியது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வரைந்த பொத்தான்களில் தமிழ்ச் சொல் வெளியே வழிந்தது. வரி உயரத்தை ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் வைத்திருந்ததால் தமிழின் ஊகாரச் சுழி அடியிலும், ஈகாரத்தின் கொக்கி மேலேயும் வெட்டுப்பட்டன. மலையாளத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் கூட்டெழுத்துகள் பாதியோடு நின்றன. வரி உயரத்தைக் கூட்டியும், பொத்தானின் அகலத்தைச் சொல்லுக்கேற்ப விரியவிட்டும், எந்தெந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதியும் கொடுத்தேன். அந்தப் பட்டியலுக்குத்தான் அவர்கள் இன்றும் ஆண்டுக் கட்டணம் தருகிறார்கள். ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் அதைக் கொண்டு சோதித்து அறிக்கை அனுப்புகிறேன்.

இதற்கு இணையாக, ரகர ஒற்றுப் பிழையைத் திருத்தும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, எவரும் நிரலை எடுத்துப் பயன்படுத்தும்படி திறமூலமாக வெளியிட்டேன். உழைப்பை இலவசமாகக் கொடுப்பதாக நண்பர்கள் கடிந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் நான் கொடுக்கவில்லை. பழைய எழுத்துரு ஒவ்வொன்றுக்குமான மாற்று அட்டவணைகளும் மலையாளப் பகுதியும் என்னிடமே இருக்கின்றன. கொடுத்த சிறு பகுதி எனக்கு விளம்பரப் பலகையாக ஆனது. அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, மீதி வேலைக்கு ஆள் தேடி வந்தவர்களில் வெளிநாட்டுத் தமிழ் அமைப்பினரும் இருந்தார்கள். மலையாளத்தில் தன்னார்வலர்கள் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற பெயரில் 2002 முதல் எழுத்துருக்களையும் கருவிகளையும் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் மலையாள எழுத்தமைப்பைக் கற்றதே அவர்களுடைய நிரல்களைப் பிரித்துப் பார்த்துத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

மின்சாரம், இணையம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கணவாய்க் காற்று பலமாக வீசும் ஆடி மாதங்களில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து மின்சாரம் போகும். நல்ல இன்வெர்ட்டரும் இரண்டு வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பும் இருந்தால் போதும். உள்ளூர் கேபிள்காரர் தரும் ஃபைபர் இணைப்பு நகரத்துக்குக் குறைந்ததில்லை.

2020இல் எல்லைச் சாவடிகளில் அனுமதிச் சீட்டு கேட்கத் தொடங்கியபோது, அதுவரை பேருந்தில் மெய்ப்புத் தாள் கொண்டுபோய்த் திருத்தம் வாங்கி வந்த எனக்குக் கை ஒடிந்தாற்போல் இருந்தது. பதிப்பாளர்களோ திரையில் மெய்ப்பு பார்க்கப் பழகாதவர்கள். கோப்பை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழைத்து, பக்கம் பக்கமாக அவர்கள் வாசிக்க நான் குறித்துக்கொள்வது என்று தொடங்கி, மெல்ல மெல்ல அவர்களே கோப்பில் குறிக்கும் நிலைக்கு வந்தார்கள். எல்லை திறந்த பிறகும் அந்த வழக்கம் நிலைத்ததால், தொலைவில் உள்ள வாடிக்கையாளரை ஏற்கத் தயக்கம் போனது. ஆனால் அந்த ஆண்டு என்னைக் காத்தது அதுவன்று. ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில் தொடாமல் வைத்திருந்தது. அதனோடு இன்னொரு கட்டுப்பாட்டையும் வைத்திருக்கிறேன்: எந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்தும் ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரக் கூடாது. அப்படி வரத் தொடங்கினால் அவர் சொல்லும் நேரத்துக்கு எழுந்து, அவர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டி வரும். சம்பள வேலைக்கும் அதற்கும் வேறுபாடு, விடுப்பும் சேமநிதியும் இல்லை என்பது மட்டும்தான்.

எதை மறுப்பது என்பதும் காலப்போக்கில் தெளிவாயிற்று. திருமண அழைப்பிதழ், விளம்பரத் தட்டி ஆகியவற்றை விட்டுவிட்டேன். கைப்பேசியிலேயே செய்துகொள்ளும் வசதி வந்துவிட்டது, விலையும் விழுந்துவிட்டது. இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொல்லி வரும் வேலைகளில், மூலமும் சேர்த்துத் தருபவர்களுடையதை மட்டும் ஏற்கிறேன். மூலம் இல்லாமல் திருத்துவது ஊகித்து எழுதுவதாகிவிடும்.

இரண்டு ஆண்டுகளாக எருத்தேம்பதிப் பக்கத்து இளைஞர் ஒருவர் எனக்கு வேலை செய்து தருகிறார். தமிழ் வழியில் படித்தவர். மலையாளப் பிழை பார்ப்பதில் என்னைவிடக் கூர்மையானவர். அவரைச் சம்பளத்துக்கு வைக்காமல் வேலைக்கு இவ்வளவு என்றே பேசியிருக்கிறேன். அதுவே அவர் விருப்பமும். நான் வாடிக்கையாளரிடம் நீட்டும் அதே ஒன்றரைப் பக்கத் தாளில், இந்த முறை மறுபக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அவர் எழுதும் நிரல் அவருக்கே உரியது. எந்தெந்தப் பகுதியை எனக்கு மாற்றித் தருகிறார், எத்தனை ஆண்டுக்கு என்பது ஒவ்வொரு வேலைக்கும் தனியே எழுதப்படுகிறது. நூலின் விவரப் பக்கத்தில் அவர் பெயரும் வரும். அவருக்குத் தர வேண்டிய தொகை, என் வாடிக்கையாளர் எனக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், முடித்த வேலையை நான் ஏற்றுக்கொண்ட பதினைந்தாம் நாள் அவர் கணக்கில் சேர்ந்துவிட வேண்டும் என்ற வரியை அவர்தான் கேட்டுச் சேர்த்தார்.